ஒப்பனைப் பொருள் தயாரிப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் நடவடிக்கைக் குறிப்பு சுற்றுக்கு விடப்பட்டு ஒப்புதல் பெற்றுவிட்டது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைக்கிறார். மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. ஆகவே, ஆண்டு முழுவதும் நம்மை அலைக்கழித்த ஒரு விஷயத்துக்கே இந்த அறிக்கையின் பெரும்பகுதியை ஒதுக்குகிறேன். வேதியியலோ மருந்தாக்கமோ படித்து ஆலையிலும் ஆய்வகத்திலும் வேலை பார்க்கும் உறுப்பினர்களுக்கும், தாமே கற்று வீட்டில் கிரீமும் ஷாம்பும் செய்து பழகும் உறுப்பினர்களுக்கும் இடையே எழுந்த மனத்தாங்கல்தான் அது.

இரு பக்கமிருந்தும் எழுத்தில் புகார் வந்தது. "சந்தேகம் கேட்டால், படித்துவிட்டு வா என்கிறார்கள்" என்பது ஒன்று. "அளவே எழுதாத செய்முறையைக் கொண்டுவந்து எங்கே தப்பு என்று கேட்கிறார்கள், சொன்னால் கோபம் வருகிறது" என்பது மற்றொன்று. செயற்குழு இரண்டையும் விசாரித்தது. இரண்டுமே உண்மை.

பிரச்சினை எங்கே முளைக்கிறது என்பதைக் காட்ட, கூட்டத்துக்கு வந்த ஒரு லோஷன் புட்டியே போதும். மூடியைத் திறந்தால் மேலே மஞ்சளாக ஒரு விரற்கடை எண்ணெய், அடியில் நீர்த்துப்போன பால். செய்தவர் தந்த குறிப்பு: தண்ணீர் ஒரு டம்ளர், எண்ணெய் மூன்று கரண்டி, எமல்சிஃபையிங் வேக்ஸ் (எண்ணெயையும் நீரையும் இணைக்கும் மெழுகு) ஒரு கரண்டி, வைட்டமின் ஈ சில சொட்டு. பயிற்சி பெற்ற உறுப்பினர் ஒருவர் பார்த்தவுடன், "எமல்சிஃபையர் போதவில்லை, பிரிசர்வேட்டிவும் இல்லை, கொட்டிவிடுங்கள்" என்றார். எண்ணெயும் நீரும் பிரியாமல் இணைப்பது எமல்சிஃபையர், கிருமி வளராமல் தடுப்பது பிரிசர்வேட்டிவ்; சொன்னதில் பிழை ஏதுமில்லை. ஆனால் செய்தவர் அடுத்த முறை எதை மாற்றுவது என்று அறியாமலே வீட்டுக்குப் போனார்.

காரணத்தைச் சொல்லியிருந்தால் இரண்டு நிமிடம் கூடுதலாக ஆகியிருக்கும். 5 மில்லி கரண்டியில் தண்ணீர் 5 கிராம் நிற்கும். செதில் செதிலாக இருக்கும் மெழுகு இடைவெளிவிட்டு நிற்பதால் எடை வெகுவாகக் குறையும். செதில் பெரிதானால் இன்னும் குறையும். ஒரே கரண்டி இருமுறை ஒரே எடையைத் தராது. அதனால்தான் இந்தத் தொழிலில் எல்லாமே எடைச் சதவீதம். தண்ணீரையும் எடைதான் போட வேண்டும்.

அந்தப் புட்டியை முன்வைத்து நடந்த பயிற்சி வகுப்பில் 100 கிராமுக்கு இந்த அளவைப் பயன்படுத்தினோம். தண்ணீர் 76.1, கிளிசரின் 3, சாந்தன் கம் (கெட்டியாக்கும் பசைப்பொடி) 0.3, டைசோடியம் இ.டி.டி.ஏ. (உலோக அயனிகளைக் கட்டிப்போடுவது) 0.1 ஆகியவை நீர்ப்பகுதி. எண்ணெய் 12, எமல்சிஃபையிங் வேக்ஸ் 5, சீட்டரைல் ஆல்கஹால் (கெட்டியாக்கும் கொழுப்பு ஆல்கஹால்) 2 ஆகியவை எண்ணெய்ப்பகுதி. ஃபீனாக்ஸிஎத்தனாலும் எத்தில்ஹெக்ஸில்கிளிசரினும் சேர்ந்த பிரிசர்வேட்டிவ் 1, வைட்டமின் ஈ 0.5 ஆகியவை ஆறிய பின் சேர்ப்பவை. சாந்தன் கம்மை முதலில் கிளிசரினில் குழைத்துக்கொண்டால் தண்ணீரில் கட்டி தட்டாது. இரு பகுதிகளையும் தனித்தனியே 70 முதல் 75 டிகிரி வரை சூடாக்கி, ஒரே சூட்டில் கலக்க வேண்டும். நீர்ப்பகுதி ஆறியிருந்தால், மெழுகு எண்ணெய்த் துளிகளைச் சுற்றிப் படியும் முன்பே உறைந்து குருணையாகிவிடும். திறந்த பாத்திரத்தில் சூட்டில் வைத்திருக்கும்போது தண்ணீர் ஆவியாகும். பாத்திரத்தோடு முன்பே எடை போட்டுவைத்து, குறைந்த அளவைக் கொதித்து ஆறிய வடிநீரால் ஈடுகட்ட வேண்டும். இதை விட்டுவிட்டால் மற்ற எல்லாச் சதவீதமும் சத்தமில்லாமல் ஏறிவிடும். பிரிசர்வேட்டிவை 40 டிகிரிக்குக் கீழே வந்ததும் சேர்த்து நன்றாகக் கலக்க வேண்டும்.

வைட்டமின் ஈ பற்றிய வாக்குவாதம் இந்த ஆண்டும் ஓயவில்லை. அது எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமல் காக்கும், கிருமியைத் தடுக்காது. "மூன்று மாதம் வைத்திருந்தேன், ஒன்றும் ஆகவில்லை" என்பதை நம் கூட்டத்தில் இனி ஆதாரமாக ஏற்க முடியாது. ஐ.எஸ்.ஓ. 17516 என்ற சர்வதேசத் தரநிலையின் வரையறை, பொதுவான பொருளில் கிராமுக்கு 1,000 நுண்ணுயிர். கண்ணைச் சுற்றிப் பூசுவதிலும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கானதிலும் 100. அந்த எல்லையை எத்தனையோ மடங்கு தாண்டிய பிறகும் கிரீம் வெள்ளையாகவே, மணமாகவே இருக்கலாம். கண்ணும் மூக்கும் இதில் கருவிகள் ஆகமாட்டா. பிரிசர்வேட்டிவின் திறனைச் சோதிக்கும் ஐ.எஸ்.ஓ. 11930 முறையில், சூடோமோனாஸ் முதலிய கிருமிகளை வேண்டுமென்றே பொருளுக்குள் செலுத்தி 28 நாள் வரை எண்ணுகிறார்கள். வீட்டில் இதைச் செய்ய வழியில்லை. ஆகவே விற்கப் போகிறவர் ஆய்வகத்துக்கு அனுப்பியே தீர வேண்டும். படித்த உறுப்பினர்கள் இதில் விட்டுக்கொடுக்காமல் நின்றதைச் செயற்குழு முழுமையாக ஆதரிக்கிறது.

பிரிசர்வேட்டிவைப் போட்டவர்களுக்கும் ஒரு வழுக்கல் உண்டு. சோடியம் பென்சோயேட் என்ற பிரிசர்வேட்டிவ் சேர்த்த ஒரு டோனரின் (முகத்தில் தடவும் நீர்மம்) பி.எச். (அமிலத்தன்மை அளவு; எண் குறைந்தால் அமிலம் கூடும்) 6.2 இருந்தது. கிருமியை அடக்குவது அதிலிருந்து உண்டாகும், அயனியாகப் பிரியாத பென்சாயிக் அமிலம். பி.எச். 4.2இல் அது பாதியளவு இருக்கும்; 5இல் ஏறத்தாழ 14 சதவீதம்; 6.2இல் ஒரே ஒரு சதவீதம். சேர்த்த அளவு சரிதான், வேலை செய்யும் அளவுதான் அங்கே இல்லை. சிட்ரிக் அமிலக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு 5க்குக் கீழே இறக்கி, மறுநாள் மீண்டும் அளந்து பார்க்கச் சொன்னோம். "ஆபத்து" என்ற ஒற்றைச் சொல்லால் திரும்பாதவர் இந்த எண்களைப் பார்த்ததும் பி.எச். மானி வாங்கினார்.

இனி மறுபக்கம். பயிற்சி பெற்ற நம் உறுப்பினர்கள் தந்த ஆலோசனைகள் சில, ஆலைக்கே பொருந்தியவை. கையில் ஸ்டிக் பிளெண்டர் வைத்திருப்பவரிடம் "ஹோமோஜெனைசரில் (ஆலையின் அதிவேகக் கலக்கி) ஐந்து நிமிடம்" என்றால் அவர் என்ன செய்வார்? 100 கிராமில் பிளெண்டரின் தலை மூழ்காது, காற்றை இழுத்து நுரையாக்கிவிடும். குறைந்தது 200 கிராமாவது செய்து, தலையைச் சாய்த்து இறக்கிக் காற்றை வெளியேற்றி, விட்டுவிட்டு ஓட்ட வேண்டும். கார்போமர் (ஜெல்லைக் கெட்டியாக்கும் பாலிமர்) ஜெல்லைக் காரம் சேர்த்து நடுநிலையாக்கிய பிறகு பிளெண்டர் போட்டால் அதன் கெட்டித்தன்மை குலையும். அதிலேயே கற்றாழைச் சாறு சேர்த்தால் சாற்றில் இருக்கும் உப்புகள் ஜெல்லை நீர்க்கவைக்கும். ஷாம்பைக் கெட்டியாக்க உப்புப் போடுபவர்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு: ஓர் எல்லை வரை கெட்டியாகும், தாண்டினால் மறுபடி தண்ணீராகும். இவையெல்லாம் ஆலையில் இருப்பவர்களுக்கு அனிச்சையாகத் தெரிந்தவை; தெரிந்ததாலேயே சொல்ல மறந்துபோகிறவை.

ஆலையில் ஃபார்முலேட்டர் (செய்முறை வகுப்பவர்) தனியாள் இல்லை. மூலப்பொருளின் பகுப்பாய்வுச் சான்றைச் சரிபார்க்க ஒருவர், நுண்ணுயிர் எண்ண ஒருவர், 40 டிகிரிப் பெட்டியில் மூன்று மாதம் மாதிரியைக் கவனிக்க ஒருவர். அந்தத் துணை இல்லாமல் அடுக்களை மேசையில் நிற்பவரிடம் பட்டத்தை மட்டும் காட்டுவதில் பயனில்லை.

மறைத்துவைப்பது பற்றியும் எழுதியாக வேண்டும். எந்த எமல்சிஃபையர் எவ்வளவு என்ற கணக்கைச் சிலர் தொழில் ரகசியம் என்றார்கள். வாடிக்கையாளரின் ஃபார்முலாவை வெளியிடக் கூடாது. அதை யாரும் கேட்கவும் கூடாது. எமல்சிஃபையர் நீரை நாடுகிறதா எண்ணெயை நாடுகிறதா என்பதை எண்ணாகச் சொல்லும் எச்.எல்.பி. கணக்கோ 1949இல் வேதியியலாளர் கிரிஃபின் வெளியிட்டது. எண்ணெய்க்கு 11 தேவை, கையில் ஸ்பான் 80 (4.3), ட்வீன் 80 (15) என்ற எமல்சிஃபையர்கள் இருக்கின்றன என்றால், தேவையிலிருந்து சிறியதைக் கழித்தால் 6.7, பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் 10.7. முன்னதைப் பின்னதால் வகுத்தால் ட்வீன் ஏறத்தாழ 63 பங்கு, ஸ்பான் 37 பங்கு. பள்ளிக் கணக்கு இது. இதைக் கற்றுக்கொடுத்த வகுப்புக்குத்தான் இந்த ஆண்டில் இருதரப்பாரும் கலந்து உட்கார்ந்தார்கள்.

செயற்குழு பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கும் தீர்மானங்கள் மூன்று. முதலாவது, சந்தேகம் கொண்டுவருபவர் 100க்குக் கூட்டி வரும் எடைச் சதவீதம், கலந்த வெப்பநிலை, பி.எச்., செய்த தேதி, எத்தனையாவது நாளில் என்ன மாறியது ஆகியவற்றை எழுதிக் கொண்டுவர வேண்டும். இரண்டாவது, பதில் தரும் உறுப்பினர் "கூடாது" என்றால் ஏன் கூடாது என்பதையும், மாற்றாக எதை, எந்த அளவில் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மூன்றாவது, சன்ஸ்கிரீன் செய்முறை நம் கூட்டங்களில் பகிரப்படாது. ஜிங்க் ஆக்ஸைடு துகள்கள் வீட்டுக் கலக்கலில் திரண்டுகொள்ளும், பூசிய படலத்தில் ஓட்டை விழும். எஸ்.பி.எஃப். என்ற வெயில் காப்பு எண்ணைச் சதவீதத்திலிருந்து கணக்கிட முடியாது. சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் மனிதத் தோலில் பூசிப் பார்ப்பது போன்ற ஆய்வகச் சோதனையால்தான் அறிய முடியும். இந்த மூன்றாவதில் தாமே கற்ற உறுப்பினர்கள் சிலருக்கு வருத்தம் உண்டு என்பதை அறிவேன். அவர்கள் எழுப்பும் கேள்விகளுக்கு இந்தக் கூட்டத்திலேயே நேரம் ஒதுக்கியிருக்கிறோம்.

பொது எடைத்தராசை 0.01 கிராம் துல்லியமுள்ளதாக மாற்றும் கோரிக்கை நிலுவையில் இருக்கிறது. 0.1 கிராம் தராசில் சாந்தன் கம் 0.3 அளப்பது ஊகமே. புதிய செயற்குழு இதை முதல் வேலையாக எடுத்துக்கொள்ளப் பரிந்துரைக்கிறேன்.

இவண்,
செயலாளர்