மலைப்பள்ளிகளில் கண் முகாம் நடந்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலைக்கிராமப் பள்ளியில் கண் முகாம் நடந்தது, இத்தனை பிள்ளைகளைப் பரிசோதித்தார்கள் என்று படத்தோடு செய்தி வருகிறது. நல்ல விஷயம்தான். ஆனால் அதில் எத்தனை பிள்ளைகள் கைக்குக் கண்ணாடி வந்து சேர்ந்தது, ஆறு மாதம் கழித்தும் அதைப் போட்டுக்கொண்டிருந்தார்களா என்று யாரும் கேட்டு எழுதுவதில்லை. மலைப்பகுதிப் பள்ளிகளில் பாடம் நடத்தியவன் என்பதால் இதை எழுதுகிறேன், கொஞ்சம் கோபத்தோடுதான்.

முதலில் ஒன்று புரிய வேண்டும். பார்வை சரியில்லாத பிள்ளை தானாக வந்து சொல்லாது. பிறந்ததிலிருந்தே மங்கலாகப் பார்த்த பிள்ளைக்கு எல்லோருக்கும் உலகம் அப்படித்தான் தெரியும் என்ற நினைப்பு. கரும்பலகை தெரியாததால் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதும், அதற்கும் திட்டு விழும், அப்புறம் மக்கு என்று பெயர், கடைசி வரிசை, ஒருநாள் பள்ளிக்கே வராது. ஒரு கண் மட்டும் மோசமாக இருந்தால் இன்னும் ஆபத்து, ஏனென்றால் நல்ல கண் எல்லா வேலையையும் பார்த்துக்கொள்ளும், பெற்றோருக்கும் தெரியாது, ஆசிரியருக்கும் தெரியாது. பயன்படுத்தாத கண்ணிலிருந்து வரும் படத்தை மூளை மெல்ல ஒதுக்கிவிடுகிறது. இதைத்தான் சோம்பல் கண் என்கிறார்கள். ஏழெட்டு வயதுக்குள் கண்டுபிடித்துக் கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடிவைத்துப் பழக்கினால் நன்றாகத் தேறிவிடும், வயது ஏற ஏற பலன் குறைந்துகொண்டே போகும். எட்டாம் வகுப்பில் முகாம் போட்டு இதைக் கண்டுபிடித்து என்ன செய்ய?

அதனால் முதல் வகுப்பில் சேர்க்கும்போதே பார்த்துவிட வேண்டும், அதை வகுப்பு ஆசிரியரே செய்யலாம். எழுத்துத் தெரியாத பிள்ளைக்கு நான்கு திசையிலும் திரும்பி நிற்கும் ஆங்கில ‘ஈ’ வடிவ அட்டை இருக்கிறது, கால் எந்தப் பக்கம் நீட்டியிருக்கிறது என்று கையால் காட்டினால் போதும். ஒவ்வொரு கண்ணாக மூட வேண்டும். விரலால் மூடச் சொன்னால் இடுக்கு வழியாகப் பார்த்துவிடுவார்கள், அட்டையால் மூடுங்கள். மாறுகண் இருந்தாலோ, கருவிழி நடுவில் வெள்ளையாக ஏதாவது தெரிந்தாலோ அட்டையெல்லாம் வேண்டாம், உடனே கண் மருத்துவரிடம் அனுப்புங்கள். அந்த வெள்ளை கண்புரையாகவும் இருக்கலாம், உயிருக்கே ஆபத்தான புற்றுநோயாகவும் இருக்கலாம்.

அட்டைச் சோதனை எல்லாவற்றையும் பிடித்துவிடாது. தூரப்பார்வைக் குறை (பக்கத்தில் உள்ளதைப் பார்க்கச் சிரமப்படுவது) உள்ள பிள்ளை கண்ணை இறுக்கி முயற்சி செய்தே கடைசி வரிவரை படித்துவிடும், புத்தகத்தை எடுத்தால்தான் தலைவலி வரும். கண்ணின் அந்த முயற்சியைத் தளர்த்தும் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தால்தான் அதன் உண்மையான பவர் தெரியும். அந்த மருந்து பல மணி நேரம், சில சமயம் மறுநாள்வரைகூடப் பார்வையை மங்கவைக்கும், வெயிலில் கண் கூசும். முகாம் முடிந்ததும் செங்குத்தான ஒற்றையடிப் பாதையில் அந்தப் பிள்ளையைத் தனியாக வீட்டுக்கு அனுப்பலாமா? சமவெளியில் யோசிக்கத் தேவையில்லாத இப்படிப்பட்ட விஷயங்களை மலையில் யோசித்தாக வேண்டும்.

‘மலையில் வளர்கிற பிள்ளைகளுக்குக் கண் நன்றாக இருக்கும்’ என்று ஒரு பேச்சு உண்டு. வெளியில், வெளிச்சத்தில் அதிக நேரம் இருக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை குறைவாக வருகிறது என்பது உண்மைதான். ஆனால் விடுதியில் தங்கி நாள் முழுக்க அறைக்குள் படிக்கிற பிள்ளைக்கு அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. மலைக்கென்றே உள்ள தொல்லைகள் வேறு. ஒவ்வொரு 1000 மீட்டர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது, பனி மூடிய இடத்தில் அந்தக் கதிரில் 80 சதவீதம்வரை திரும்ப முகத்தில் அடிக்கும். விறகுப் புகை கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும். தண்ணீர் எடுக்க வெகுதூரம் போகவேண்டிய ஊர்களில் முகம் கழுவுவதே அபூர்வமாகிவிடும், எத்தியோப்பிய மேட்டுநிலங்களில் டிரக்கோமா என்ற, பார்வையைப் பறிக்கும் கண் தொற்று இன்றும் பிள்ளைகளைப் பிடித்து ஆட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்புறம் ஒவ்வாமை. கண் அரிக்கும், பிள்ளை தேய்த்துக்கொண்டே இருக்கும், வருடக்கணக்கில் தேய்த்தால் கருவிழியே கூம்பாகிவிடுகிற வாய்ப்பு உண்டு. மருத்துவர் தூரத்தில் இருப்பதால் யாரோ கொடுத்த ஸ்டீராய்டு சொட்டு மருந்தை மாதக்கணக்கில் விடுகிறார்கள், அரிப்பு நின்றுவிடும், கண்ணின் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு போய்விடும். முள்ளோ குச்சியோ குத்திய கண்ணில் அந்த மருந்தையும் விடக்கூடாது, இலைச்சாறும் விடக்கூடாது, பூஞ்சைத் தொற்று பரவினால் கருவிழி வெளுத்துவிடும். இதை ஒவ்வொரு பள்ளிச் சுவரிலும் பெரிதாக எழுதிவைக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

சரி, கண்ணாடி விஷயத்துக்கு வருகிறேன். பள்ளிப் பிள்ளைகளின் குறைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு ஜோடிக் கண்ணாடியே தீர்வு. மேற்குச் சீனாவில் 252 தொடக்கப் பள்ளிகளில் ஓர் ஆய்வு நடத்தி 2014இல் முடிவை வெளியிட்டார்கள். இலவசமாகக் கண்ணாடி கொடுத்த பள்ளிகளில் பிள்ளைகளின் கணக்கு மதிப்பெண் கூடியது. ஆனால் சொல்லாமல் போய்ப் பார்த்தபோது, இலவசமாக வாங்கியவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே அணிந்திருந்தார்கள். காரணத்தைத் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். சின்ன வயதில் கண்ணாடி போட்டால் பவர் ஏறிவிடும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள் (ஏறாது, கண்ணாடி பார்வையைக் கெடுக்காது), கூடப் படிக்கிறவர்கள் கேலி செய்கிறார்கள், பெரியவர்கள் அளவுச் சட்டம் மூக்கிலிருந்து நழுவுகிறது, மூடுபனியில் ஈரம் படிந்து மறைக்கிறது என்று கழற்றிப் பையில் போட்டால் அதோடு சரி. உடைந்தால் கதை முடிந்தது, மாற்றிக்கொடுக்க ஆள் மலை ஏறி வருவதில்லை. சீட்டு எழுதிக் கொடுத்து நகரத்தில் போய் வாங்கிக்கொள்ளச் சொன்னால் ஒரு நாள் கூலியும் பேருந்துச் செலவும் யார் கொடுப்பார்கள்?

எனவே கண்ணாடி பள்ளிக்கே வர வேண்டும், பிள்ளையின் முகத்தில் வைத்துப் பார்த்துக் கொடுக்க வேண்டும், எளிதில் உடையாத பிளாஸ்டிக் வில்லையாக இருக்க வேண்டும், உடைந்தாலும் தொலைந்தாலும் கேள்வி கேட்காமல் இன்னொன்று தர வேண்டும். பிள்ளை வளர்கிறது, பவர் மாறும், வருடத்துக்கு ஒரு முறையாவது திரும்பப் பார்க்க வேண்டும். கண்ணாடி வரும்வரை அந்தப் பிள்ளையை முன் வரிசையில் உட்காரவைக்கலாம், வெளுத்துப்போன கரும்பலகைக்குக் கறுப்பு பூசலாம், இதற்கெல்லாம் எந்த அலுவலகத்தின் உத்தரவும் வேண்டியதில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் 2021இல் ஓர் இலக்கை ஏற்றுக்கொண்டன. 2030க்குள் கண்ணாடியால் சரியாகும் பார்வைக் குறைக்கான சரியான சிகிச்சை சென்றடைவது 40 சதவீதப் புள்ளிகள் உயர வேண்டும் என்பது அது. அதில் எத்தனை பேரைப் பரிசோதித்தோம் என்பது கணக்கில்லை. தேவைப்பட்டவர்களில் எத்தனை பேரிடம் கண்ணாடி இருக்கிறது, அதைப் போட்டு நன்றாகப் பார்க்க முடிகிறதா என்பதுதான் கணக்கு. உங்கள் செய்தியாளர்கள் அடுத்த முறை முகாம் செய்திக்குப் போகும்போது இந்த எண்ணிக்கையைக் கேட்டு வாங்குங்கள். ஆறு மாதம் கழித்து அதே பள்ளிக்கு ஒருவரை அனுப்பி, என்ன பார்த்தார் என்பதையும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
மலைப்பள்ளி ஆசிரியர் ஒருவர்