வெள்ளிக்கிழமை ஜெபம்: ஆபகூக்

கர்த்தருக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம்.

பெங்களூரா மாங்காய்க்கு விலையில்லை. கூழ் ஆலை வாசலில் ராத்திரி முழுக்க டிராக்டரோடு காத்துக் கிடந்த நம் சகோதரர்கள், போன வாரம் ஜெபத்தில் ஒரு வார்த்தை பேச முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதனால் இந்த வெள்ளி வேதத்தில் ஆபகூக் தீர்க்கதரிசியின் புத்தகத்தை எடுக்கிறோம். மூன்றே அதிகாரம்தான், வீட்டில் வாசித்துவிட்டு வாருங்கள்.

அந்தத் தீர்க்கதரிசி எடுத்தவுடன் நன்றி சொல்லவில்லை. எவ்வளவு காலம் கூப்பிடுவேன், ஏன் கேட்கவில்லை என்று தேவனிடமே முறையிடுகிறார். எனக்கு இது பெரிய ஆறுதல். அழுவது அவிசுவாசம் அல்ல. நீதிமான் விசுவாசத்தினால் பிழைப்பான் என்ற பதில் 2:4-இல் வருகிறது. பவுல் ரோமர் 1:17-இல் எடுத்துச் சொல்வதும் இதைத்தான். கடைசியில் அத்தி, திராட்சை, ஒலிவம், வயல், தொழுவம் எல்லாம் வெறுமையானாலும் கர்த்தருக்குள் மகிழ்வேன் என்று பாடுகிறார். கிருஷ்ணகிரியில் நாம் மாமரத்தையும் சேர்த்தே வாசிக்கலாம்.

தோப்பு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விலை இல்லையென்று பறிப்புக் கூலியைப் பிடித்து வைக்காதீர்கள். யாக்கோபு 5:4 பாருங்கள்.

மாலை 6.30, வழக்கமான வீடு. முடிந்தவர்கள் ஆளுக்கு 1 கிலோ அரிசி கொண்டுவாருங்கள். யாருக்கு என்று குழுவில் கேட்க வேண்டாம்.