எந்த எகிப்து, மச்சான்?

அன்பு மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. மாங்குளத்தில் மழை விட்டுவிட்டது, காலபோக வெட்டுக்கு இன்னும் இரண்டு கிழமை இருக்கிறது. அம்மாவின் முழங்கால் நோதான் மாறவில்லை.

"கனடா எனக்கு எகிப்து" என்று எழுதியிருந்தாய். மூன்று நாளாக அதே யோசனை. எந்த எகிப்து மச்சான்? பார்வோன் செங்கல் அறுக்கவைத்த நாடும் எகிப்துதான், பஞ்சத்தில் யாக்கோபின் பிள்ளைகளுக்குத் தானியம் கொடுத்த நாடும் அதுதான். ஏரோது அரசனுக்குப் பயந்து மரியாவையும் குழந்தை இயேசுவையும் யோசேப்பு இரவோடிரவாகக் கொண்டுபோனதும் அங்கேதான். எகிப்திலிருந்து என் மகனை அழைத்தேன் என்று இறைவாக்கினர் ஓசேயா இஸ்ரயேலைப் பற்றிச் சொன்னதை, மத்தேயு அந்தக் குழந்தைக்குச் சொல்கிறார். பிரசங்கங்களில் எகிப்து என்றால் பாவம், அடிமைத்தனம் என்றே கேட்டு வளர்ந்தோம். அது பாதிக் கதைதான்.

1995 ஒக்டோபர் கடைசியில் சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டு, பிறகு கிளாலிக் கடலேரியால் வன்னிக்கு வந்தோமே. முன்பின் தெரியாத ஒரு குடும்பம் தங்கள் வளவில் கொட்டில் போட இடம் தந்தது. அங்கிருந்துகொண்டு அம்மா ஒவ்வொரு நாளும் எங்கள் செம்பாட்டு வெங்காயத்தைச் சொல்லிச் சொல்லி அழுதா. எகிப்தை விட்டு வெளியேறிய பிறகு பாலைநிலத்தில் அந்த நாட்டு வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் உள்ளியையும் நினைத்து அழுத சனத்தை முறுமுறுத்தவர்கள் என்று படித்தோம். அம்மாவைப் பார்த்த பிறகு அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2008 ஏப்ரலில் சண்டை கிட்ட வந்ததால் மடுக் கோயிலிலிருந்து மாதாவின் சுரூபத்தையே தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். எகிப்துக்கு ஓடிய அந்தக் குடும்பத்தை அன்றைக்குத்தான் கண்ணால் கண்டதுபோல் இருந்தது.

இரவு வேலை, பனி, தமிழில் பதில் சொல்லாத பிள்ளைகள். உன் பாரம் எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பிள்ளைகள் பங்கருக்குள் இருந்து வளரவில்லை, மச்சான். பைபிளில் இணைச்சட்டம் 23ஆம் அதிகாரத்தை எடுத்துப் பார். எகிப்தியனை வெறுக்காதே, அவன் நாட்டில் நீ அந்நியனாய் இருந்தாய் என்கிறது. அவ்வளவு அடி வாங்கிய சனத்துக்கு அப்படிச் சொல்லியிருக்கிறது! எசாயா இன்னும் ஒருபடி மேலே போகிறார்: எகிப்தை "என் மக்கள்" என்று ஆண்டவரே ஆசீர்வதிப்பார் என்கிறார்.

அதற்காக ஊரை மறக்கச் சொல்லவில்லை. எகிப்தில் அவ்வளவு அதிகாரத்தோடு வாழ்ந்த, யாக்கோபின் மகனான பழைய யோசேப்பும் சாகிற நேரம், தன் எலும்புகளை எடுத்துப்போகவேண்டும் என்று சத்தியம் வாங்கினான். நீ உயிரோடேயே வா. ஓகஸ்ட் 15 மடுத் திருவிழாவுக்குப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா, கொட்டில் போட்டுச் சமைப்போம். வெங்காயம் யாழ்ப்பாணத்திலிருந்து எடுப்பித்து வைக்கிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்