கிண்ணியாப் பாதையும் உன் நீராவிக் கப்பலும்

திருகோணமலை
03.09.2025

அன்பின் மச்சான்,

நலம். நீயும் பிள்ளைகளும் நலமாயிருக்கக் கோணேசரை வேண்டுகிறேன்.

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. நாலு படமும் மடியாமல் கசங்காமல் வந்து சேர்ந்தன. இந்தக் காலத்தில் கையால் எழுதி முத்திரை ஒட்டி அனுப்புகிற ஆள் நீ ஒருத்தன்தான். தபால்காரப் பெடியன் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் தந்தான். இங்கே கச்சான் காற்று இன்னும் ஓயவில்லை, முற்றத்து மண் முழுக்க வீட்டுக்குள்தான். என் முழங்கால் பழையபடிதான். கோணேசர் கோயிலுக்கு ஏறுவதென்றால் கோட்டைக்குள் இரண்டு இடத்தில் நிற்க வேண்டும். நிற்கிற இடத்திலெல்லாம் மான் வந்து பையை மோந்து பார்க்கிறது. அதுகளுக்கு இப்போது புல்லைவிட அர்ச்சனைத் தட்டு வாழைப்பழம்தான் பிடிக்கிறது.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். புளோரிடாப் பூங்காவில் நீராவிக் கப்பலையும் ஆற்றையும் எடுத்துவிட்டான் என்று ஐந்து பக்கம் எழுதி, அதில் நாலரைப் பக்கம் டிஸ்னிக்காரனைத் திட்டியிருக்கிறாய். மனுசி வாசித்துவிட்டு, "அண்ணாவுக்குக் காணி பறிபோனாக்கூட இவ்வளவு கோவம் வந்திருக்காது" என்றாள். நான் உடனே பதில் எழுதாததற்கு அதுவும் ஒரு காரணம். உன் கோபம் பாதி சரி, பாதி பிழை என்று பட்டது. எந்தப் பாதி எது என்று பிரித்துப் பார்க்க எனக்கு ஒரு கிழமை தேவைப்பட்டது.

முதலில் படங்களைச் சொல்கிறேன். 1996-ல் எடுத்ததில் உன் மகனுக்கு ஆறு வயது இருக்குமா? அந்தப் பூங்கா ஆற்றுத் தெப்பத்தின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறான், உன் கை அவன் தோளில். அடுத்தது இந்த ஜூன் மாதத்துப் படம். அதே மாதிரித் தெப்பம், அதே மாதிரிக் கம்பி, உன் பேத்தி. அவள் ஆற்றையும் பார்க்கவில்லை, தீவையும் பார்க்கவில்லை. ஐஸ்கிரீம் கையில் வடிவதைப் பார்க்கிறாள். படத்தின் பின்னால் நீ எழுதியிருந்தாய்: "மச்சான், இதுதான் எங்கட பாதை."

அந்த ஒரு வரியில் என்னை விழுத்திவிட்டாய். அங்கே ஆற்றுக்கு நடுவில் இருந்த அந்த டொம் சோயர் தீவுக்குப் போகத் தெப்பத்தை விட்டால் வேறு வழி இல்லை என்று இதுவரை எனக்குத் தெரியாது. எனக்கு உடனே கிண்ணியாத் துறைதான் கண்ணுக்குள் வந்தது, ஆட்களையும் பஸ்ஸையும் அக்கரைக்கு ஏற்றிப்போகிற மிதவையைத்தானே நாங்கள் பாதை என்போம். இரும்புக் கதவு கரையில் படார் என்று விழும். ஆட்களை இறக்கிவிட்டு பஸ் வெறுமனே ஏறும். முன்சில்லு ஏற ஒரு பக்கம் தாழும், பின்சில்லு ஏற மற்றப் பக்கம் எழும்பும். பலகைக்கு மேல் ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர் வந்துவிட்டுத் திரும்பப் போகும். அந்த ஒரு விரல் தண்ணீரில் கால் நனைக்கத்தானே நாங்கள் பள்ளிக்கூடம் விட்ட கையோடு அங்கே ஓடுவோம்? இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஒரு வேலையும் இல்லாமல் நாலு தரம் போய் வருவோம். பாதைக்கார நானா ஒருநாள் உன்னிடம், "தம்பி, நீ இனிச் சம்பளம் வாங்கலாம்" என்று சொன்னது ஞாபகம் இருக்கா?

நீ எழுதிய பிறகு மகனிடம் கேட்டேன். அவன் கொழும்பில் இருந்து வந்திருந்தான், இதெல்லாம் அவனுக்குத் தண்ணி பட்ட பாடு. ஜூலை 6-ஆம் திகதியோடு அந்த நீராவிக் கப்பலும் தீவும் தெப்பமும் எல்லாம் முடிந்தது, ஆற்றையே எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'கார்ஸ்' படத்துக் கார்களை வைத்து மலைப்பாதை ஓட்டம் ஒன்று கட்டப்போகிறார்கள், அதற்கு அப்பால் வில்லன்களுக்கென்று தனியாக ஒரு பகுதி என்றான். பத்து வருசத்தில் பூங்காக்களிலும் உல்லாசக் கப்பல்களிலும் 6,000 கோடி டொலர் போடுவதாக 2023-லேயே சொல்லிவிட்டார்களாம். பக்கத்திலேயே யூனிவர்சல்காரன் இந்த மே மாதம் புத்தம் புதிதாக இன்னொரு பூங்காவைத் திறந்துவிட்டான். போட்டிக் கடை வந்தால் முதலாளி முகப்புக்கு வர்ணம் அடிக்கத்தானே செய்வான்.

அந்தக் கப்பல் மெய்யான கப்பலே இல்லை என்று உன்னோடு வாதாடிய ஆளைப் பற்றி எழுதியிருந்தாய். தண்ணீருக்கு அடியில் தண்டவாளம், கப்டன் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நிற்பது வெறும் கூத்து. அது உண்மைதான். ஆனால் கொதிகலன் மெய், நீராவி மெய், பின்னால் இருக்கிற சில்லு மெய்யாகவே தண்ணீரை அடித்துத்தான் கப்பலைத் தள்ளியது. துறைமுகத்தில் முப்பத்தொரு வருசம் குப்பை கொட்டியவன் சொல்கிறேன், திசையைத் தானே தீர்மானிக்காத கப்டன்களை நான் மெய்யான கப்பல்களிலும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மாற்றுவது சரி என்கிறவர்கள், பிழை என்கிறவர்கள், இரண்டு பக்கத்தாரும் சொல்வதை மகன் எனக்கு வாசித்துக் காட்டினான். தன் பூங்கா ஒருநாளும் கட்டி முடியாது என்று வோல்ட் டிஸ்னியே சொல்லிவிட்டுப் போனார் என்பது சரி என்கிறவர்களின் துருப்புச்சீட்டு. எனக்கு அது அவ்வளவு பிடிபடவில்லை. கட்டி முடியாது என்பதும் இடித்துக்கொண்டே இருப்பேன் என்பதும் ஒன்றா? அவர் காலத்திலேயே 1955-ல் திறந்த கலிபோர்னியாப் பூங்காவில் அந்த ஆறு இன்றைக்கும் ஓடுகிறது. அங்கேயும் இடம் தேவைப்பட்டது. 2016-ல் ஆற்றை மூடி, வளைவைச் சுருக்கி, அடுத்த வருசம் திரும்பவும் கப்பலை விட்டார்கள். அங்கே சுருக்க முடிந்தது, புளோரிடாவில் தூர்ப்பதுதான் வழியா? இந்தக் கேள்வியை உன் கடிதத்தில் நீ கேட்கவில்லை. திட்டுவதிலேயே மை முடிந்துவிட்டது போல.

கூச்சல் போட்டுப் பலனில்லை என்று எழுதியிருக்கிறாய். அதுவும் முழுக்கச் சரியில்லை. 1997-ல் அதே பூங்காவில் தவளைத் துரையின் கார்ச் சவாரியை எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் ஆட்கள் பனியன் அடித்துப் போட்டுக்கொண்டு வந்து வாசலில் நின்றார்கள். ஒன்றும் நடக்கவில்லை, 1998-ல் மூடிவிட்டார்கள். ஆனால் அதே 1998-ல் மூடி மாற்றிய கற்பனைச் சவாரியில் ஊதா நிறக் குட்டி டிராகன் ஒன்றை ஓரங்கட்டினார்கள் அல்லவா, அதை 2002-ல் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. டிராகனுக்கு அடித்த யோகம் தவளைக்கு அடிக்கவில்லை.

இனி, நமக்குள் சண்டை வரக்கூடிய இடம். நீ கப்பலையும், 2023-ல் மூடி மாற்றிய அந்த ஸ்பிளாஷ் மலை என்கிற தண்ணீர்ச் சவாரியையும் ஒரே மூச்சில் சொல்லி, "எல்லாத்தையும் பறிக்கிறாங்கள்" என்று முடித்துவிட்டாய். கப்பலில் நான் உன் பக்கம். மலையில் இல்லை. காரணம் என் மனுசி.

பாதையைப் பற்றி நான் அவளிடம் வாயூற வாயூறக் கதைத்துக்கொண்டிருந்தேன். அவள் அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், தலையைத் தூக்கவில்லை. "உங்களுக்குப் பாதை விளையாட்டு. நான் ஒன்பது வருசம் அதால பள்ளிக்கூடம் போனனான்" என்றாள். அவள் மூதூர்ப் பக்கம் படிப்பித்தது உனக்குத் தெரியுமே. கிண்ணியாவோடு முடிகிற காரியமா அது? உப்பாறு, கங்கை, இறால்குழி என்று துறைக்கு மேல் துறை. ஒவ்வொன்றிலும் இறங்கி, வெயிலிலோ மழையிலோ நின்று, அடையாள அட்டையைக் காட்டி, பாதை அக்கரையில் நின்றால் அது வரும்வரை காத்திருந்து. ஒருநாள் இரவு சின்னவன் காய்ச்சலில் தூக்கித் தூக்கிப் போடுகிறான், பாதை இனி விடியத்தான் என்றார்கள். நான் அப்போது துறைமுகத்தில் இரவுக் கடமை. அவள் துறையடியில் ஒரு தேத்தண்ணிக் கடைத் திண்ணையில் ஈரத்துணி போட்டுப் போட்டு விடிய வைத்திருக்கிறாள். இது எனக்குத் தெரியும், மச்சான். தெரிந்தும் பாதை என்றால் எனக்கு ஞாபகம் வருவது அந்த ஒரு விரல் தண்ணீர்தான்.

"பாலம் திறந்த பிறகு முதல்முதல் பஸ்ஸில போனமே, நான் அழுதனான். நீங்க யன்னலால கீழ தண்ணியப் பாத்துப் பெருமூச்சு விட்டீங்க" என்றாள். 2009 ஒக்டோபரில் திறந்தது, 396 மீற்றர். பஸ் நிற்காமல் போனது. ஒரு நிமிசம்கூட ஆகவில்லை.

அவள் அதோடு விடவில்லை. "குறிஞ்சாக்கேணி?" என்று மட்டும் கேட்டாள். 2021 நவம்பரில் அங்கே பாலம் கட்டிக்கொண்டிருந்தபோது ஓடிய பாதை கவிழ்ந்ததே, பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் செத்துப்போனதே. கிண்ணியா முழுக்க வெள்ளைக்கொடி கட்டியிருந்த அந்த நாளில் பாதையின் அழகைப் பற்றி நான் யாரோடாவது கதைத்திருப்பேனா?

அதற்குப் பிறகு உன் மலையை யோசித்துப் பார்த்தேன். மலைக்குள் இருந்தது முயலும் நரியும் கரடியும் மட்டும்தான், அதில் என்ன இனவாதம் என்று கேட்டிருந்தாய். மிருகங்கள் சரி. அவை வந்த படம் 1946-ல் எடுத்தது. பழைய பண்ணையில் கறுப்பு மக்கள் துரைமாருக்குக் கதை சொல்லி, பாட்டுப் பாடிச் சந்தோசமாக இருந்ததாகக் காட்டியது. வந்த நாளிலிருந்தே அதற்கு எதிர்ப்பு இருந்தது. நுவரெலியாப் பக்கத்து லயத்துச் சனம் கொழுந்து பறித்துக்கொண்டு எந்நேரமும் சிரித்துப் பாடி வாழ்ந்தது என்று ஒரு துரை படம் எடுத்து, அதில் வருகிற அணிலையும் கிளியையும் வைத்து ஒரு சவாரி கட்டினால், ஹட்டன்காரன் ஒருத்தன் அதில் ஏறி எப்படி இருப்பான்? அணில் ஒரு குற்றமும் செய்யவில்லைதான்.

மலையை அவர்கள் இடிக்கவுமில்லை. அதே வாய்க்கால், அதே இறக்கம், நீ பயந்து கத்திய அதே இடம். உள்ளே இப்போது தியானா என்கிற கறுப்பு இளவரசியின் கதை, போன வருசம் ஜூனில் திறந்தது. பாட்டும் பொம்மையும் பழையது அளவுக்கு இல்லை என்கிறாய். இருக்கலாம். அது வேலையில் உள்ள குறை, அதைத் தாராளமாகத் திட்டு. ஆனால் 2023 ஜனவரியில் மூடும்போது அந்த வாய்க்கால் தண்ணீரைப் போத்தலில் பிடித்து ஏலத்தில் விற்றார்களாமே! மகன் சொன்னபோது நம்பவில்லை. கன்னியா வெந்நீர்க் கிணற்றுத் தண்ணீரைக்கூட இங்கே யாரும் அப்படி விற்றதில்லை.

கப்பலுக்குத் திரும்புகிறேன். கப்பலால் யாருக்கும் ஒரு கஷ்டமும் இருக்கவில்லை. யாரும் அதற்காகத் துறையடியில் விடிய விடிய நிற்கவில்லை. நூற்றுக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் ஏறி, பதினேழு நிமிசம் அரை மைல் சுற்றி வருவார்கள், வரிசை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. நீயே எழுதியிருந்தாய், மேல்தட்டில் இருந்த அந்தப் பதினேழு நிமிசமும்தான் அன்றைக்கு முழுக்க உன் மருமகள் போனைப் பார்க்காமல் இருந்த நேரம் என்று. தீவில் பீப்பாய்ப் பாலமும் குகையும் மர நிழலும். எத்தனை மணிக்கு எந்தச் சவாரி என்று கணக்குப் பார்க்காமல் பிள்ளைகளை ஓடவிட்டுப் பெரியவர்கள் காலை நீட்டுகிற இடம். அதை எடுத்துவிட்டு இன்னொரு வரிசையை வைக்கிறார்கள். அதற்கு நீ ஐந்து பக்கம் திட்டினாலும் குறைவுதான்.

உன் பேத்தி காரைக் கேட்கிறாள் என்பதும் எனக்குத் தெரியும், அதை நீ பின்குறிப்பில் ஒளித்து எழுதியிருக்கிறாய். திறந்ததும் நீதான் அவளைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறாய், ரிக்கற் விலையைத் திட்டிக்கொண்டே.

போன ஞாயிறு பேரனைக் கூட்டிக்கொண்டு கிண்ணியாப் பாலத்துக்குப் போனேன். பாலத்து ஓரத்தில் தூண்டில் போடுகிறவர்கள் வரிசையாக நிற்கிறார்கள், பின்னேரம் குடும்பம் குடும்பமாக வந்து காற்று வாங்குகிறார்கள், கச்சானும் அவித்த சோளனும் விற்கிறார்கள். பழைய துறை எந்த இடம் என்று பேரனுக்குக் கையைக் காட்டினேன். "ஏன் அப்பப்பா, அப்ப பாலம் இருக்கேல்லையா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் தூண்டில்காரனிடம் ஓடிவிட்டான். ஒரு ஒட்டி மீன் பிடிபட்டிருந்தது.

மார்கழியில் வருவதாக எழுதியிருக்கிறாய். மழை என்றாலும் பரவாயில்லை, வா. மனுசி உனக்கு நண்டுக் கறி என்று இப்போதே சொல்லிவிட்டாள். பேத்தி தெப்பத்தில் நிற்கிற படத்தில் இன்னொரு பிரதி கேட்கிறாள், ஏன் என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறாள். 1974-ல் நீ தள்ளிவிட்டு என் வலது கால் பாட்டாச் செருப்பு பாதையில் இருந்து கடலுக்குப் போனதும் மறக்கவில்லை. அன்றைக்கு அப்பாவிடம் வாங்கிய அடியை விடு. செருப்பு ஒன்பதாம் இலக்கம், மண்ணிறம். வரும்போது வாங்கி வா.

அன்புடன்,
உன் மச்சான்