இரவுப் பணிக்கு இன்னொரு ஜோடிக் கை: மருத்துவமனை நிர்வாகத்துக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கும் செவிலியர் கண்காணிப்பாளர் அவர்களுக்கும்,

வணக்கம். எங்கள் வார்டின் இளைய செவிலியர் ஒருவருக்குச் சென்ற வாரம் நீங்கள் அனுப்பிய மெமோவை நாங்கள் எல்லோரும் படித்தோம். பக்கவாதத்தில் ஒரு பக்கம் செயலிழந்து படுத்திருக்கும் பெரியவருக்குப் புட்டத்துக்கு மேலே தோல் உரிந்து படுக்கைப்புண் வந்துவிட்டது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பியதாகக் கேஸ் ஷீட்டில் கையெழுத்து இருக்கிறது, புண்ணும் இருக்கிறது, அப்படியானால் கையெழுத்து பொய்யா என்று விளக்கம் கேட்டிருக்கிறீர்கள். இரண்டாம் பத்தியில், அதே இரவில் ஒரு படுக்கையிலிருந்து அடுத்த படுக்கைக்குக் கை சுத்தம் செய்யாமல் அவர் போனதாகத் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவின் தணிக்கையில் பதிவாகியிருப்பதைச் சுட்டிக்காட்டியிருக்கிறீர்கள்.

முதல் பத்தி ஒரு குழுவினுடையது, இரண்டாவது வேறொரு குழுவினுடையது. இரண்டும் ஒரே ஆளின் ஒரே ஜோடிக் கைகளைப் பற்றியவை என்பதை இரு குழுக்களுமே கவனித்ததாகத் தெரியவில்லை.

எங்கள் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரவுப் பணியில் நோயாளிகளைத் திருப்புவதற்கும் நகர்த்துவதற்கும் ஒவ்வொரு வார்டுக்கும் இன்னொருவரை நியமியுங்கள். ஒவ்வொரு படுக்கையின் கால்மாட்டிலும் கை சுத்திகரிப்பான் புட்டி ஒன்றை மாட்டுங்கள்.

வார்டின் நிலவரம் உங்களுக்குத் தெரியும். அதை மீண்டும் எழுதப் போவதில்லை. அந்தப் பெரியவரைத் தனி ஆளாகத் திருப்புவது எப்படி என்பதை மட்டும் சொல்கிறேன்.

மூக்கு வழிக் குழாயில் உணவு போகிறது. அது நுரையீரலுக்குள் போய்விடக் கூடாது என்பதற்காகத் தலைமாட்டை 30 பாகைக்குக் குறையாமல் உயர்த்தி வைக்கிறோம். சரியான விதிதான். ஆனால் தலைமாடு உயர்ந்தால் உடல் கால்மாட்டை நோக்கிச் சரியும். அவரை ஒருக்களிக்க வைப்பதற்கு முன்னால் மேலே ஏற்ற வேண்டும். பாடம் என்ன சொல்கிறது? படுக்கையின் இரு புறமும் இருவர் நின்று, இடுப்புக்கு அடியில் விரித்த துணியைப் பிடித்து, உடல் உரசாமல் தூக்கி நகர்த்த வேண்டும். ஒருவர் மட்டும் இருந்தால்? அக்குளில் கை கொடுத்து இழுக்க வேண்டியதுதான். இழுக்கும்போது தோல் விரிப்போடு ஒட்டி நின்றுவிடும். உள்ளே இருக்கும் எலும்பு நகரும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் முறுக்கி நசுங்கும். படுக்கைப்புண் வருவதற்கு அழுத்தம் ஒரு காரணம் என்றால், இந்த இழுவிசை இன்னொரு காரணம். முதலாமாண்டு மாணவியைக் கேட்டாலும் சொல்வாள்.

ஆக, ஐயா, அம்மா, கையெழுத்தும் உண்மை, புண்ணும் உண்மை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தனி ஆளாகத் திருப்பியதால் வந்த புண்ணாகவும் அது இருக்கலாம். மெமோ எழுதியவருக்கு இந்தச் சாத்தியம் தோன்றவே இல்லை.

இன்னும் முடியவில்லை. படுக்கையின் பக்கத் தடுப்பை இறக்கி, அவரைத் தன் பக்கமாகப் புரட்டிப் பிடித்திருக்கிறார் செவிலியர். பெரியவர் மலம் கழித்திருக்கிறார். செவிலியர் ஒரு கையால் அவருடைய உடலைத் தாங்கிக்கொண்டு மறு கையால் துடைக்கிறார். குழாய் வழியாகச் சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பை எப்போதும் உடலுக்குள் இருக்கும் சிறுநீர்ப்பையின் மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும், இல்லையென்றால் பிளாஸ்டிக் பையில் தேங்கியது திரும்ப உள்ளே ஓடும். அதை மறுபுறம் மாற்றி மாட்டக் கை இல்லை. இந்த நேரத்தில் பக்கத்துப் படுக்கையில் மருந்து செலுத்தும் கருவி அலறுகிறது. இப்போது அவர் என்ன செய்ய வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள். கையுறையோடு ஓடினால் ஒருவருடைய கிருமி இன்னொருவருடைய ரத்தக் குழாய்க்கு வழி தேடிப் போகும். கையுறையைக் கழற்றிவிட்டு, வார்டின் கோடியில் இருக்கும் ஒரே தொட்டிக்குப் போய், சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் போனால், தடுப்பு இறக்கிய படுக்கையின் விளிம்பில் பெரியவர் தனியாகக் கிடப்பார். போகவே போகாமல் இருந்தால் மெமோவில் மூன்றாவது பத்தி சேரும்.

தணிக்கை செய்தவர் பார்த்தது இந்தக் கணத்தைத்தான். அவருடைய படிவத்தில் 'ஆம்', 'இல்லை' என்று இரண்டே கட்டங்கள்.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். தானாகப் புரண்டு படுக்க முடியாதவர்கள் பத்துப் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 மணி நேர இரவில் ஆளுக்கு ஆறு முறை, மொத்தம் 60 முறை. ஒரு முறைக்கு ஐந்தே நிமிடம் என்றாலும் ஐந்து மணி நேரம். தொடுவதற்கு முன்பும் தொட்ட பின்பும் கை சுத்தம் செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சுத்திகரிப்பானால் தேய்க்க 20 முதல் 30 விநாடி என்றால், 60 முறைக்கு 40 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை. சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி. அதாவது இரண்டு மடங்கு. மருந்து, ஊசி, புது நோயாளி, திடீரென்று மூச்சுத் திணறுபவர் யாரும் இன்னும் இந்தக் கணக்குக்குள் வரவில்லை.

எங்கள் முதுகையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நோயாளியைக் கையால் தூக்கும்போது, எல்லாம் சாதகமாக இருந்தாலும், ஒருவர் மேல் விழும் சுமை 35 பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்க ஆய்வாளர் தாமஸ் வாட்டர்ஸ் 2007இல் எழுதினார். கிட்டத்தட்ட 16 கிலோ. கனத்த மனிதர் ஒருவரின் இரண்டு கால்களே அந்த எல்லையைத் தாண்டிவிடும்.

கை சுத்தம் பற்றி எங்களுக்கு வகுப்புகள் நடக்கின்றன. குறை சொல்லவில்லை. ஆனால் 1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் செய்ததை ஒருமுறை பார்க்க வேண்டுகிறேன். மகப்பேற்று வார்டுக்குள் நுழைகிறவர்கள் குளோரின் கரைசலில் கை கழுவியே ஆக வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த தாய்மார் மரணம் ஜூனில் 2 அளவுக்கு இறங்கியது. கரைசலை வைத்துவிட்டுத்தான் அவர் கழுவச் சொன்னார். இங்கே சுவரொட்டி எல்லாத் தூணிலும் இருக்கிறது. புட்டி பூட்டிய அலமாரிக்குள் இருக்கிறது.

அவர் கை கழுவச் சொன்னது மருத்துவர்களையும் மருத்துவ மாணவர்களையும் என்பதையும் மறந்துவிட வேண்டாம். காலைச் சுற்றில் பத்துப் பேர் படுக்கை படுக்கையாக நகர்கிறார்கள். ஒரே ஸ்டெதாஸ்கோப் எத்தனை மார்பைத் தொடுகிறது, தொட்ட விரல் எத்தனை முறை கைபேசிக்குப் போகிறது என்று எண்ணுவதற்குத் தணிக்கைப் படிவத்தில் இடமில்லை போலிருக்கிறது. மே 5 வந்தால் கை சுகாதார நாள், உறுதிமொழி, குழுப் படம். ஒரே வாரத்தில் மே 12, செவிலியர் நாள், மறுபடியும் குழுப் படம். படங்களில் எங்கள் கைகள் மிகச் சுத்தமாகவே தெரிகின்றன. அந்தப் படத்தில் நிற்கிறவர்களில் பாதிப் பேரையாவது ஓர் இரவு வார்டுக்கு அனுப்பினால் அன்றைக்குத் திருப்புகிற வேலை ஒழுங்காக நடந்துவிடும்.

இந்த மடலை எழுத உட்கார்ந்தது சண்டை போடுவதற்காக இல்லை. மரியாதையோடு கேட்கவே எழுதுகிறேன்.

இரவுப் பணியில் திருப்புவதற்கும் நகர்த்துவதற்கும் இன்னொருவர் வேண்டும். அவர் பட்டம் பெற்ற செவிலியராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. முறையாகப் பயிற்சி பெற்ற உதவியாளர் போதும், நோயாளியின் உறவினராக மட்டும் இருக்கக் கூடாது. தூக்கக் கலக்கத்தில் இருக்கும் மகனிடம் "ஒரு கை பிடியுங்கள்" என்று நாங்கள் கெஞ்சுவதும், அவர் கை கழுவாமலே அப்பாவின் குழாயைப் பிடிப்பதும், அடுத்த படுக்கைக்காரர் கூப்பிட்டால் அங்கேயும் போய் உதவுவதும் உங்கள் எந்தத் தணிக்கையிலும் வருவதில்லை. கூடவே, தோல் உரசாமல் நோயாளியை நகர்த்த உதவும் வழுக்கு விரிப்புகள் வார்டுக்கு இரண்டு கொடுங்கள். படுக்கைக்கு ஒரு சுத்திகரிப்பான் புட்டி மாட்டுங்கள். வயிற்றுப்போக்கு நோயாளிகளுக்கு அது மட்டும் போதாது, சில கிருமிகளின் வித்துகள் ஆல்கஹாலுக்குச் சாகாது என்பதால், தொட்டியில் சோப்பு தீராமல் பார்த்துக்கொள்ளவும் யாரையாவது பணியுங்கள்.

அந்த இளைய செவிலியரின் விளக்கக் கடிதம் இந்த மடலோடு உங்களுக்கு வருகிறது. அவருக்குக் கொடுத்த மெமோவைத் திரும்பப் பெறுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். அடுத்த மாத டூட்டிப் பட்டியல் ஒட்டப்படுவதற்கு முன் பதில் தாருங்கள். பட்டியலில் இரவு வரிசையில் இன்னொரு பெயர் இருந்தால் தனியாகப் பதில் எழுத வேண்டிய சிரமமும் உங்களுக்கு இல்லை.

இப்படிக்கு,
இரவுப் பணிச் செவிலியர்கள் சார்பில்,
அவர்களில் ஒருத்தி