அந்த பில்லைப் பற்றி

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எனக்கும் நிம்மதி. நான் நலம். பகல் ஷிப்டுக்கு மாற்றிவிட்டார்கள், ராத்திரி தூங்க முடிகிறது. வேலை அதேதான், அமெரிக்க லேப்கள் இன்ஷூரன்ஸில் பணம் கேட்டு அனுப்பும் கிளைம்களுக்குக் கோடிங், அதாவது ஒவ்வொரு டெஸ்டுக்கும் அதன் காரணத்துக்கும் உரிய கோடு எண்ணைப் போடுவது.

நியூஜெர்சியிலிருந்து கர்ப்பமாக இருக்கும் உன் அண்ணன் மகள் அனுப்பிய, இன்ஷூரன்ஸ் பணம் தர மறுத்த பில்லைப் பார்த்தேன். ஒரே சர்க்கரை டெஸ்டுக்கு ரெண்டு வரி போட்டு ஏமாற்றுகிறார்களா என்று கேட்டிருந்தாய். இல்லைடி, அந்த இரண்டு வரியும் சரிதான். அங்கே கர்ப்பிணிகளுக்குப் பெரும்பாலும் 24 வாரத்திலிருந்து 28 வாரத்துக்குள் முதலில் 50 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, ஒரு மணி நேரம் கழித்து ஒரு முறை ரத்தம் எடுப்பார்கள். அதற்குக் கோடு 82950. அதில் அளவு கூடினால்தான் 100 கிராம், மூன்று மணி நேர டெஸ்ட். வெறும் வயிற்றில் ஒன்று, அப்புறம் மணிக்கு ஒன்று, ஆக நான்கு சாம்பிள். இதற்கான கோடு 82951, அது மூன்று சாம்பிளோடு நின்றுவிடும். நான்காவதுக்கு 82952 என்று தனி வரி வந்தே ஆக வேண்டும்.

குடிக்கக் கொடுத்த குளுக்கோஸ் அந்தக் கோடுக்குள்ளேயே அடக்கம், அதற்குத் தனியாகக் காசு கேட்டால் தப்பு. ரத்தம் எடுப்பதற்கான 36415-ம் அப்படித்தான். நான்கு முறை ஊசி குத்தினாலும் ஒரு தடவைதான் போடலாம் என்பது அங்குள்ள அரசு இன்ஷூரன்ஸான மெடிகேரின் விதி. அவள் பில்லில் இரண்டும் ஒழுங்காகவே இருக்கிறது.

நீ பி.எச்.சி.யில் கர்ப்பிணிகளுக்குச் செய்வதை நினைத்துக்கொண்டேன். 75 கிராம் கரைத்துக் கொடுத்து, சாப்பிட்டு வந்தாலும் வராவிட்டாலும் இரண்டு மணி நேரத்தில் ஒரே சாம்பிள் எடுத்து சர்க்கரை அளவு 140-ஐத் தொடுகிறதா என்று பார்க்கிறாய் அல்லவா, நம் சென்னை டாக்டர் சேஷய்யா சொன்ன முறையில். அதை அங்கே செய்தால் அதற்கும் 82950தான். கிராம் எவ்வளவு என்று கோடு கேட்பதில்லை, எத்தனை சாம்பிள் என்றுதான் கேட்கிறது. அதனால்தான் டெக்னீஷியன் எழுதும் நேரக் குறிப்புகளை நான் ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். போன வாரம் ஒரு சார்ட்டில், குளுக்கோஸ் குடித்து நாற்பது நிமிடத்தில் வாந்தி, டெஸ்ட் நிறுத்தப்பட்டது என்று ஒரு வரி. ஆர்டரில் மூன்று மணி நேர டெஸ்ட்தான் இருந்தது. ஆனால் எடுத்தது வெறும் வயிற்று சாம்பிள் ஒன்றுதான், ஆக 82947 மட்டும். குறிப்பைப் படிக்காமல் ஆர்டரை மட்டும் பார்த்துப் போட்டிருந்தால், நடக்காத டெஸ்டுக்கு அந்தப் பெண் பணம் கட்டியிருப்பாள்.

சரி, உன் அண்ணன் மகள் விஷயத்துக்கு வருகிறேன். சிக்கல் டயக்னாசிஸ் கோடில், அதாவது எதற்காக டெஸ்ட் என்று சொல்லும் கோடில் இருக்கிறது. ஆர்73.09 என்று போட்டிருக்கிறார்கள். சர்க்கரை அளவு சரியில்லை என்று பொதுவாகச் சொல்லும் கோடு அது. கர்ப்பிணிக்கு ஓ என்ற எழுத்தில் தொடங்கும் வரிசையில்தான் வர வேண்டும், அவளுக்கு ஓ99.810. இன்ஷூரன்ஸ் மறுத்ததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். டாக்டர் ஆபீஸிலிருந்து லேபுக்குப் போகும் ஆர்டரில் பல சமயம் காரணமே எழுதியிருக்காது, இல்லாவிட்டால் பழைய கோடு ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். அவள் கர்ப்பிணி என்று எங்களுக்கு எங்கிருந்து தெரியும்? நாங்களாக ஊகித்துப் போடவும் கூடாது. டாக்டர் அரை நிமிடம் செலவழித்து எழுதாததற்கு, அங்கே ஒரு கர்ப்பிணி மணிக்கணக்கில் போனில் காத்திருக்கிறாள். இது எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

அவள் இப்போதைக்குப் பணம் கட்ட வேண்டாம். முதலில் டாக்டர் ஆபீஸைக் கூப்பிட்டு, திருத்திய ஆர்டரை லேபுக்கு அனுப்பச் சொல்லட்டும். பிறகு லேப் பில்லிங்கில் பேசி, திருத்திய கிளைம் போடச் சொல்லட்டும். பேசியவர் பெயரையும் தேதியையும் குறித்து வைக்கச் சொல். இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடு. முதல் ஒரு மணி நேர டெஸ்ட் ஸ்கிரீனிங், அதற்குப் பெரும்பாலான இன்ஷூரன்ஸில் கைக்காசு கிடையாது. மூன்று மணி நேர டெஸ்டை நோயறியும் டெஸ்டாக எடுத்துக்கொண்டால், கோடு திருந்திய பிறகும் டிடக்டிபிளில், அதாவது இன்ஷூரன்ஸ் பணம் தரத் தொடங்கும் முன் நாமே கட்ட வேண்டிய தொகையில், கொஞ்சம் கட்ட வேண்டி வரலாம்.

இன்ஷூரன்ஸ் அனுப்பிய விளக்கத் தாளையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல். மறுத்த காரணம் அதில் இருக்கும், பார்த்துச் சொல்கிறேன். பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன், அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் தோழி