பொருள்: ஓடுதள முனையில் விழுந்த சிறு விமானம் – உங்கள் பதிலை ஏற்க முடியாது

வணக்கம்.

போன ஞாயிறு நடுப்பகலில் உங்கள் நான்கு இருக்கை விமானத்தில் மலையைச் சுற்றிப் பார்க்க ஏறிய மூன்று பயணிகளில் நானும் ஒருவன். "எதிர்பாராத காற்றால் நேர்ந்த சிறு சம்பவம், கட்டணம் திருப்பித் தரப்படும்" என்று ஒரே வரியில் பதில் போட்டிருக்கிறீர்கள். என் மனைவிக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்திருக்கிறது. இதைச் சிறு சம்பவம் என்று எழுத எப்படி மனம் வந்தது?

காற்று என்கிறீர்களே, ஏறுவதற்கு முன் என் தம்பி எடுத்த படத்தில் காற்றின் திசையைக் காட்டக் கம்பத்தில் கட்டும் காற்றுப்பை துவண்டு தொங்குகிறது. அதே படத்தில் உங்கள் சுவரில் மாட்டியிருக்கும் வெப்பமானி 27 டிகிரி காட்டுகிறது. ஓடுதளம் இருப்பதோ 9,000 அடி உயரத்தில். விமானம் ஓட்டும் நண்பர் ஒருவரிடம் படத்தைக் காட்டினேன், ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டார்: அந்த உயரத்துக்கான நியம வெப்பநிலை, அதாவது விமானக் கணக்குகளுக்கு அடிப்படையாக வைக்கும் வெப்பநிலை, மைனஸ் 3 டிகிரி, சூட்டில் காற்று மெலிந்துவிடுவதால் அதற்கு மேல் போகும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 120 அடி கூட்டிக்கொள்ள வேண்டும், ஆக அன்றைக்கு அந்த விமானத்துக்குக் கிடைத்தது 12,600 அடியில் இருக்கும் மெல்லிய காற்று. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத எஞ்சின் அங்கே மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சக்தியை இழந்துவிடும். இறக்கைக்கும் புரொப்பெல்லருக்கும் அதே கதிதான். இந்த மாதிரிச் சிறு விமானங்கள் சிலவற்றால் ஏற முடிந்த உச்சமே 13,000, 14,000 அடி.

அப்படிப்பட்ட நேரத்தில் டேங்க் முழுக்க எரிபொருள், நான்கு பேர், பைகள் வேறு. எங்களில் ஒருவரைக்கூட நீங்கள் எடை பார்க்கவில்லை. "வெயில் ஏறிவிட்டது, இரண்டு நடையாகக் கூட்டிப்போகிறேன்" என்று விமானி கேட்டது என் காதில் விழுந்தது. கவுன்டரில் இருந்தவர் நேரமில்லை, கிளம்புங்கள் என்று சொல்லிவிட்டார்.

ஓடுதளத்தில் பாதி தாண்டியும் வேகமே பிடிக்கவில்லை. பாதிக்குள் எழும்பும் வேகத்தில் 70 சதவீதம் வராவிட்டால் நிறுத்திவிட வேண்டும் என்பது மலையில் ஓட்டுகிறவர்களுக்குச் சொல்லித்தரும் பாடம், அதனால் விமானி மீதும் தவறு உண்டு, அதை மறைக்கவில்லை. ஒருவழியாகச் சக்கரம் எழும்பியது. ஆனால் ஒரு ஆள் உயரத்துக்கு மேல் போகவே இல்லை; தரையை ஒட்டி இருக்கும்போது விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும் காற்றின் இழுவை குறைவதால் எழும்பிவிட்டது போலத் தெரியுமே தவிர, மேலே ஏறத் தெம்பு இருக்காது என்று இப்போது தெரிகிறது. விமானி மூக்கைத் தூக்கியதும், இறக்கை தூக்கும் விசையை இழக்கப்போகிறது என்று சொல்லும் ஸ்டால் எச்சரிக்கை மவுத்ஆர்கன் போல ஒரே சுரத்தில் அழ ஆரம்பித்தது, வேலியில் மோதும்வரை அது நிற்கவில்லை. இறங்கிப் பார்த்தபோது புரொப்பெல்லரில் வேலிக் கம்பி நூற்கண்டு போலச் சுற்றியிருந்தது, இறக்கையிலிருந்து எரிபொருள் சொட்டிக்கொண்டிருந்தது. தீப்பிடிக்காததால்தான் இதை எழுதுகிறேன்.

கட்டணத்தை நான் கேட்கவே இல்லை. அன்றைய எடைக் கணக்கு, புறப்பாட்டுத் தூரக் கணக்கு, இரண்டின் நகலும் வேண்டும். போடவே இல்லையென்றால் போடவில்லை என்று எழுதிக் கொடுங்கள். காற்று என்ற வார்த்தையை எடுத்துவிட்டுப் பதிலைத் திருத்தி அனுப்புங்கள். அப்புறம், வெயில் நேரத்தில் முழு எடையோடு அனுப்புவதை இன்றே நிறுத்துங்கள். நாளைக்கும் அங்கே யாராவது குழந்தையோடு வரிசையில் நிற்பார்கள்.

15 நாளுக்குள் பதில் வராவிட்டால் படங்களோடு விபத்து விசாரணை அதிகாரிகளிடம் போவேன்.

இப்படிக்கு,
பின் இருக்கையில் இருந்த பயணி